பம்மாத்துக்கும் ஒரு கணக்கு உண்டு

நீங்கள் நாள்தோறும் செல்லும் பேருந்தில் பயணச்சீட்டுப் பரிசோதகர் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மிகவும் கண்டிப்பானவர். யாருக்கும் சலுகை காட்டாதவர். ஆனால் என்ன பயன்? இரண்டு மாதங்களில் ஊருக்கே அந்த இரகசியம் தெரிந்துவிடும். செவ்வாயன்று எல்லோர் கையிலும் சீட்டு இருக்கும்; மற்ற ஆறு நாட்களில் பலர் கையில் இருக்காது. அதே பரிசோதகர் வாரத்தில் ஒரே ஒரு நாள், ஆனால் எந்த நாள் என்பதைக் குடவோலை போலக் குலுக்கியெடுத்துத் தீர்மானித்து ஏறினால்? உழைப்பு முன்போலவே ஒரு நாள்தான். ஆனால் ஏழு நாட்களும் பயணிகள் அஞ்சிச் சீட்டு வாங்குவர்.

ஒழுங்காக நடப்பது நல்ல குணம்தான். ஆயினும், எதிரில் ஒருவர் நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது அந்த ஒழுங்கே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அப்படியானால் எவ்வளவு ஒழுங்காக இருக்கலாம், எவ்வளவு ஒழுங்கு தவறலாம்? இந்தக் கேள்விக்குக் கணிதம் துல்லியமான விடை தருகிறது. அந்த விடை முதன்முதலில் தெளிவாகத் துலங்கிய இடங்களுள் ஒன்று, வியப்பாக இருக்கலாம், ஒரு சீட்டாட்டம். அதுதான் போக்கர்.

சூதாட்டத்தைப் பற்றி அறிவியல் இதழில் எழுதுவதா என்று முகம் சுளிக்க வேண்டாம். நாம் பணம் வைத்து ஆடப் போவதில்லை. புளியங்கொட்டை வைத்து ஆடப் போகிறோம்.

சதுரங்கமும் சீட்டும்

சதுரங்கத்தில் இருவருக்கும் எல்லாக் காய்களும் தெரியும். எதிராளி மறைத்து வைக்க எதுவும் இல்லை. போக்கரில் அப்படியன்று. என் சீட்டு உங்களுக்குத் தெரியாது. உங்கள் சீட்டு எனக்குத் தெரியாது. நான் செய்யும் செயல்களைப் பார்த்துத்தான் என் சீட்டை நீங்கள் ஊகிக்க வேண்டும்.

ஆட்டத்தின் சாரம் இதுதான். ஒருவர் நடுவில் பந்தயம் வைக்கிறார். அடுத்தவருக்கு மூன்று வழிகள் உண்டு. சீட்டைக் கவிழ்த்து விட்டு விலகலாம். அதே தொகையைத் தாமும் வைத்து ஈடுகட்டலாம். அல்லது அதற்கு மேலும் வைத்து உயர்த்தலாம். எல்லோரும் விலகிவிட்டால் எஞ்சியவர் சீட்டைக் காட்டாமலேயே நடுவிலுள்ளதை எடுத்துக்கொள்ளலாம். எனவே மோசமான சீட்டை வைத்துக்கொண்டு நல்ல சீட்டு இருப்பதுபோல் பந்தயம் வைத்து எதிராளியை விரட்டவும் முடியும். இதையே பம்மாத்து என்கிறோம்.

நல்ல சீட்டு வந்தால் உயர்த்துவது, நடுத்தரமானால் ஈடுகட்டுவது, மோசமானால் விலகுவது. புதிதாக ஆடுபவர் எவரும் இப்படித்தான் நினைப்பார். நேர்மையான வழியாகத் தோன்றும் இது, செவ்வாய்க்கிழமைப் பரிசோதகரின் வழியே ஆகும். உயர்த்தினால் நல்ல சீட்டு, ஈடுகட்டினால் நடுத்தரச் சீட்டு என்று அவரே ஒவ்வொரு முறையும் அறிவித்துவிடுகிறார். சீட்டைத் திறந்து வைத்து ஆடுவதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

மூன்றே சீட்டில் ஒரு போக்கர்

உண்மைப் போக்கரில் 52 சீட்டுகள் உள்ளன. கணக்கு கடலாய் விரியும். ஆகவே 1950-இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஹெரால்ட் கூன் அதை மூன்று சீட்டுகளுக்குச் சுருக்கி ஆராய்ந்தார். (நம் ஊரில் 'மூணு சீட்டு' என்று சொல்லப்படும் ஆட்டம் வேறு, இது வேறு.) இதை நீங்களும் ஒரு நண்பரும் வீட்டிலேயே ஆடிப் பார்க்கலாம்.

ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு ஜாக்கி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ராஜா பெரிது, ஜாக்கி சிறிது. இருவரும் ஆளுக்கு ஒரு புளியங்கொட்டையை நடுவில் வையுங்கள். ஆளுக்கு ஒரு சீட்டு. மூன்றாவது சீட்டு கவிழ்ந்தே கிடக்கும். முதலில் நீங்கள். இன்னொரு கொட்டையைப் பந்தயமாக வைக்கலாம். அல்லது சும்மா இருக்கலாம். நீங்கள் பந்தயம் வைத்தால், நண்பர் ஒரு கொட்டை வைத்து ஈடுகட்டலாம் அல்லது விலகலாம். நீங்கள் சும்மா இருந்தால், நண்பரும் சும்மா இருந்து சீட்டைக் காட்டச் சொல்லலாம். அல்லது அவர் பந்தயம் வைக்கலாம். அப்போது ஈடுகட்டுவதா விலகுவதா என்பது உங்கள் பொறுப்பு. அவ்வளவுதான் ஆட்டம்.

சில முடிவுகள் வெளிப்படை. கையில் ராஜா இருந்தால் விலகுவது மடமை. ஜாக்கி இருந்தால் ஈடுகட்டுவது மடமை. ராணியை வைத்து நீங்கள் பந்தயம் வைப்பதிலும் பயனில்லை. ஜாக்கிக்காரர் விலகுவார், ராஜாக்காரர் ஈடுகட்டி வெல்வார். ஆக, எஞ்சும் கேள்விகள் மூன்றே. ஜாக்கியை வைத்துப் பம்மாத்து செய்யலாமா? ராணியை வைத்து ஈடுகட்டலாமா? ராஜா வந்தால் பந்தயம் வைப்பதா, பதுங்குவதா?

அரிச்சந்திரனும் அசகாய சூரனும்

முதலில் நீங்கள் அரிச்சந்திரன் போல ஆடுவதாகக் கொள்வோம். ராஜா வந்தால் மட்டும் பந்தயம். ஜாக்கியில் பம்மாத்து கிடையாது. ராணியை வைத்துக்கொண்டு வம்பில் மாட்டுவதில்லை; நண்பர் பந்தயம் வைத்தால் விலகிவிடுவீர்கள்.

நண்பர் கெட்டிக்காரர்; சில ஆட்டங்களிலேயே உங்களைப் புரிந்துகொள்வார். சீட்டு விழக்கூடிய முறைகள் ஆறு. அவை ஆறும் சம வாய்ப்புள்ளவை. உங்களிடம் ராஜா வந்து பந்தயம் வைத்தால் அவர் ராணியைக் கூடக் கவிழ்த்துவிடுவார். ஆகவே ராஜா வரும் இரண்டு முறைகளிலும் உங்களுக்குக் கிடைப்பது தலா 1 கொட்டைதான். ஜாக்கி வரும் இரண்டு முறைகளிலும் தலா 1 போகும். ராணி வரும்போது அவரிடம் ராஜா இருந்தால் 1 போகும். அவரிடம் ஜாக்கி இருந்தாலும் அவர் துணிந்து பம்மாத்து செய்வார், நீங்கள் விலகுவீர்கள், அப்போதும் 1 போகும். வரவு 2, செலவு 4. ஆறு ஆட்டத்துக்கு 2 கொட்டை இழப்பு. 18 ஆட்டத்துக்கு 6.

சரி, இதற்கு நேர்மாறாக அசகாய சூரனாக ஆடிப் பார்ப்போம். ராஜாவிலும் பந்தயம், ஜாக்கியிலும் எப்போதும் பம்மாத்து, ராணியில் எப்போதும் ஈடுகட்டுதல். நண்பர் இப்போது தம் வழியை மாற்றிக்கொள்வார். ராணி வந்தால் தயங்காமல் ஈடுகட்டுவார். ஜாக்கி வந்தால் பம்மாத்தே செய்ய மாட்டார். உங்கள் ஜாக்கி இரண்டு முறையும் பிடிபட்டுத் தலா 2 போகும். ராணிக்கு எதிராக அவரிடம் ஜாக்கி இருந்தால் 1 வரும். ராஜா இருந்தால் 2 போகும். உங்கள் ராஜா அவருடைய ஜாக்கியிடமிருந்து 1-உம், ராணியிடமிருந்து 2-உம் பெற்றுத் தரும். வரவு 4, செலவு 6. மறுபடியும் ஆறு ஆட்டத்துக்கு 2 இழப்பு. 18 ஆட்டத்துக்கு 6!

பயந்தவனுக்கும் பாய்ந்தவனுக்கும் ஒரே நஷ்டம். பம்மாத்து நல்லதா கெட்டதா என்ற கேள்வியே தவறு என்பது இதிலிருந்து விளங்குகிறது. எத்தனையில் ஒரு பங்கு பம்மாத்து என்பதே சரியான கேள்வி.

மூன்றில் ஒரு பங்கு

கூன் கண்ட விடை இதோ. ராஜா வந்தால் எப்போதும் பந்தயம் வையுங்கள். ஜாக்கி வந்தால் மூன்று முறைக்கு ஒரு முறை மட்டும் பம்மாத்து செய்யுங்கள். ராணியை வைத்துச் சும்மா இருங்கள். நண்பர் பந்தயம் வைத்தால் மூன்று முறைக்கு இரண்டு முறை ஈடுகட்டுங்கள்.

இது ஏன் என்று பார்ப்போம். நீங்கள் வைத்த பந்தயத்தை ராணியோடு எதிர்கொள்ளும் நண்பரின் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். உங்களிடம் இருப்பது ராஜாவோ ஜாக்கியோ. மேற்சொன்னபடி நீங்கள் ஆடினால், உங்கள் நான்கு பந்தயங்களில் மூன்றில் ராஜா இருக்கும், ஒன்றில் ஜாக்கி இருக்கும். அவர் நான்கு முறையும் ஈடுகட்டினால் மூன்று முறை 2 வீதம் 6 கொட்டை இழப்பார், ஒரு முறை 2 பெறுவார். நிகர இழப்பு 4. நான்கு முறையும் விலகினால் தலா 1 வீதம் இழப்பு அதே 4! ஈடுகட்டினாலும் ஒன்றுதான், விலகினாலும் ஒன்றுதான். அவர் எவ்வளவுதான் கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு அங்கே வேலை இல்லை. இதுவே சமநிலை ஆட்டம் எனப்படும்.

நண்பருக்கும் இதே போன்ற விதி உண்டு. நீங்கள் பந்தயம் வைக்கும்போது அவர் ராணியை வைத்து மூன்று முறைக்கு ஒரு முறை ஈடுகட்ட வேண்டும். நீங்கள் சும்மா இருக்கும்போது ஜாக்கியை வைத்து மூன்று முறைக்கு ஒரு முறை பம்மாத்து செய்ய வேண்டும். இருவரும் இப்படி ஆடினால் நீங்கள் 18 ஆட்டத்துக்குச் சராசரியாக 1 கொட்டை இழப்பீர்கள். அந்த ஒன்றும் உங்கள் பிழையால் போவதன்று. முதலில் பேச வேண்டியவர் நீங்கள், கேட்டுவிட்டுப் பேசுபவர் அவர். அந்த வசதிக்கான விலை அது. அந்த 1 எங்கே, முன்பு இழந்த 6 எங்கே!

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. ராஜாவை எப்போதும் பந்தயத்தில் செலவழிக்க வேண்டும் என்பதில்லை. பாதி முறை ராஜாவோடு பந்தயம் வைத்து, மறுபாதி சும்மா இருந்து பதுங்கலாம். அப்படியானால் ஜாக்கிப் பம்மாத்தை ஆறு முறைக்கு ஒன்றாகவும், ராணியோடு ஈடுகட்டுவதைப் பாதியாகவும் குறைத்துக்கொள்ள வேண்டும். பலன் மாறாது. மாறக்கூடாதது ஒன்றே: மூன்று ராஜாப் பந்தயத்துக்கு ஒரு ஜாக்கிப் பந்தயம். அரிசி அளவு கூடினால் உளுந்தையும் அந்த விகிதத்தில் கூட்டுவது போலத்தான்.

பந்தயத்தின் அளவும் பம்மாத்தின் அளவும்

இந்த 'மூன்றுக்கு ஒன்று' என்பது எங்கிருந்து வந்தது? நடுவில் 2 கொட்டை இருந்தது, பந்தயம் 1. அதாவது பந்தயம் நடுத்தொகையில் பாதி. ஈடுகட்டுபவர் 1 கொடுத்து 3 பெற முயல்கிறார். நான்கில் ஒரு முறை வென்றாலே அவருக்குக் கட்டுபடியாகும். எனவே நான்கு பந்தயத்தில் ஒன்று பம்மாத்தாக இருந்தால் தராசு நேராக நிற்கும்.

பந்தயம் நடுத்தொகைக்குச் சமமானால்? நடுவில் 100, பந்தயம் 100. ஈடுகட்டுபவர் 100 கொடுத்து 200 பெற முயல்கிறார். மூன்றில் ஒரு பங்கு பம்மாத்து என்பது இங்கே சரியான அளவு. நடுத்தொகையைப் போல் இரு மடங்கு பந்தயமானால் ஐந்தில் இரண்டு பங்கு பம்மாத்தாக இருக்கலாம். பெரிய பந்தயத்துக்கு அதிகப் பம்மாத்து இடம் கொடுக்கும். சிறிய பந்தயம் சிறிதளவே தாங்கும்.

எதிர்ப்பக்கமும் அப்படியே. நடுத்தொகையில் பாதி அளவு பந்தயத்தை, பம்மாத்தை வெல்லத்தக்க சீட்டுகளில் மூன்றில் இரண்டு பங்கோடு ஈடுகட்ட வேண்டும். சமப் பந்தயமானால் பாதி. இரு மடங்கானால் மூன்றில் ஒரு பங்கு. இதைவிடக் குறைவாக ஈடுகட்டினால் எதிராளி எந்தக் குப்பைச் சீட்டை வைத்தும் உங்களை விரட்டியே வாழ்வார்.

52 சீட்டுகளில்

இன்று உலகெங்கும் ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டெம் என்னும் போக்கர் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு தனிச் சீட்டுகள் வழங்கப்படும். 52 சீட்டுகளிலிருந்து இரண்டை எடுக்கும் வழிகள் 1,326. இவற்றுள் இரண்டு ஏஸ் வருவது 6 வழிகளில். இரண்டு ராஜா வருவதும் 6 வழிகளில். ஒருவர் இந்த 12-ஐக் கொண்டு மட்டுமே எதிராளியின் பந்தயத்தை உயர்த்துகிறார் என்று கொள்ளுங்கள். ஏறக்குறைய 110 ஆட்டத்துக்கு ஒரு முறைதான் அவர் உயர்த்துவார். அன்று எல்லோரும் எழுந்து ஓடிவிடுவர். அருமையான சீட்டு வந்தும் அவருக்குக் கிடைப்பது சில்லறைதான்.

ஆகவே உயர்த்தும் கூட்டத்தில் சில பலவீனமான சீட்டுகளையும் சேர்க்க வேண்டும். எவற்றைச் சேர்ப்பது? நடுத்தரமானவற்றை அன்று, அவை ஈடுகட்டப் பயன்படும். காட்டினால் வெல்லும் வாய்ப்பு அவற்றுக்கு ஓரளவு உண்டு. உயர்த்தினாலோ, மட்டமானவர்கள் விலகுவர், மேலானவர்கள் மட்டும் நின்று அடிப்பர். நம் ராணியின் கதை இதுதான். எனவே மிக நல்லவையும் ஓரளவு மோசமானவையும் உயர்த்தும் பக்கம்; இடையிலுள்ளவை ஈடுகட்டும் பக்கம்.

மோசமானவற்றிலும் தேர்வு உண்டு. ஒரு ஏஸும் அதே இனத்தில் ஒரு சிறு எண்ணும் கையில் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஒரு ஏஸ் உங்களிடம் இருப்பதால், எதிராளியிடம் இரண்டு ஏஸ் இருக்கும் வழிகள் 6-இலிருந்து 3-ஆகக் குறைகின்றன. ஏஸும் ராஜாவும் சேர்ந்து இருக்கும் வழிகள் 16-இலிருந்து 12-ஆகக் குறைகின்றன. உங்களை எதிர்த்து நிற்கக்கூடிய சீட்டுகளை உங்கள் கையே தடுத்து வைத்திருக்கிறது. பம்மாத்துக்கு இது தக்க துணை.

ஈடுகட்டும் பக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. நல்ல சீட்டுகள் அனைத்தையும் உயர்த்துவதிலேயே செலவழித்துவிட்டால், நீங்கள் ஈடுகட்டும்போதெல்லாம் கையில் நடுத்தரமே இருக்கிறது என்று எதிராளி அறிந்துகொள்வார். பிறகு பெரிய பெரிய பந்தயமாக வைத்து உங்களை நசுக்குவார். எனவே வலுவான சில சீட்டுகளைச் சில முறை வெறுமனே ஈடுகட்டுவதற்கும் ஒதுக்கி வைக்க வேண்டும். ஒரே சீட்டை ஒரு நாள் உயர்த்தி, ஒரு நாள் ஈடுகட்டி ஆடும் ஆட்டக்காரர் குழப்பவாதி அல்லர், கணக்கறிந்தவர்.

கணக்கின் வரலாறு

புதாபெஸ்ட் நகரில் 1903-இல் பிறந்த ஜான் வான் நாய்மன் இந்தத் துறையின் தந்தை எனலாம். அவருக்கு முன்பே 1921 முதல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எமீல் பொரெல் இத்தகைய ஆட்டங்களை ஆராயத் தொடங்கியிருந்தார். ஒருவர் வெற்றி மற்றவர் தோல்வியாக அமையும் இருவர் ஆட்டம் எதிலும், கலந்து ஆடும் வழிகளையும் சேர்த்துக்கொண்டால், இருவருக்கும் பாதுகாப்பான ஒரு வழி உண்டு என்பதை வான் நாய்மன் 1928-இல் நிறுவினார். 1944-இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்ன் என்னும் பொருளாதார அறிஞருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட பெருநூலில் போக்கருக்கு விரிவான இடம் உண்டு. பம்மாத்தின் நோக்கம் இரண்டு என்பதை அந்நூல் எடுத்துக்காட்டியது. வலுவற்றபோது வலுவுள்ளதாகக் காட்டுவது ஒன்று; வலுவுள்ளபோது வலுவற்றதாகக் காட்டுவது மற்றொன்று. பிடிபட்ட பம்மாத்தும் வீணன்று. அடுத்த முறை உண்மையான ராஜா வரும்போது ஈடுகட்ட ஆள் கிடைப்பதற்கு அதுவே காரணமாகிறது.

இருவருக்கு மேற்பட்டோர் கலந்துகொள்ளும் ஆட்டங்களுக்கும் சமநிலை உண்டு என்று 1950-இல் நிறுவியவர் ஜான் நாஷ். அதற்காக 1994-இல் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசை மற்ற இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

பிறகு கணிப்பொறிகள் வந்தன. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார், பந்தய அளவு வரையறுக்கப்பட்ட இருவர் ஹோல்டெம் ஆட்டத்துக்கு ஏறத்தாழ முழு விடையைக் கண்டுவிட்டதாக அறிவித்தனர். செஃபியஸ் என்பது அந்தப் பொறிநிரலின் பெயர். அது யாரிடமும் பாடம் கேட்கவில்லை. தன்னோடு தானே ஆடியது. ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும், 'இங்கே ஈடுகட்டாமல் உயர்த்தியிருந்தால் எவ்வளவு கூடக் கிடைத்திருக்கும்?' என்று தன் வருத்தத்தைக் கணக்கிட்டது. வருத்தம் மிகுந்த வழியை அடுத்த முறை அதிகமாகக் கையாண்டது. இப்படி எண்ணற்ற முறை ஆடியபின் அது வந்து சேர்ந்த இடம் சமநிலை ஆட்டமே. பம்மாத்து செய்யென்று யாரும் அதற்குச் சொல்லவில்லை, கணக்கே சொல்லிற்று.

2017 சனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்னும் பொறிநிரல், பந்தய வரையறை இல்லாத ஆட்டத்தில் நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களை 1,20,000 ஆட்டங்களில் எதிர்கொண்டு தெளிவாக வென்றது.

சீட்டுக்கு வெளியே

கால்பந்தில் தண்டனை உதை அடிப்பவர் இடப்பக்கம் அடிப்பதா வலப்பக்கம் அடிப்பதா? எப்போதும் தமக்கு வசதியான பக்கமே அடித்தால் பந்துகாப்பாளர் அங்கே காத்திருப்பார். 1,400-க்கு மேற்பட்ட தண்டனை உதைகளைத் திரட்டி 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தேர்ந்த ஆட்டக்காரர்கள் வான் நாய்மனின் கணக்குக்கு மிக நெருக்கமாகவே இரு பக்கத்தையும் கலந்து அடிக்கின்றனர் என்று காட்டியது. 2007 முதல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் வண்டிகளைச் சோதிக்கும் சாவடிகளை எந்த நேரத்தில் எங்கே அமைப்பது என்பதை இதே கணக்கைக் கொண்டு கணிப்பொறி குலுக்கித் தந்தது. நம் பேருந்துப் பரிசோதகரின் சிக்கல்தான் அங்கேயும்.

நீங்களே செய்து பாருங்கள்

'மூன்றில் ஒரு முறை' என்பதை மனத்தால் தீர்மானிக்காதீர்கள். மனித மனம் குலுக்கல் வேலைக்கு ஏற்றதன்று. சென்ற முறை செய்தோமே, இம்முறை வேண்டாம் என்று அது ஓர் ஒழுங்கைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பாருங்கள். அது 12-க்கும் 4-க்கும் இடையில் இருந்தால் பம்மாத்து. இல்லையேல் சும்மா இருங்கள். உங்கள் முகத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் நண்பரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஏனெனில் முள்ளைப் பார்க்கும்வரை உங்களுக்கே தெரியாதே!

18 ஆட்டம் போதாது; 180 ஆட்டமாவது ஆடுங்கள். விழிப்பான நண்பரிடம் அரிச்சந்திரனாக ஆடினால் ஏறத்தாழ 60 கொட்டை கரைவதைக் கண்ணால் காணலாம். சமநிலையாக ஆடினால் எதிர்பார்க்கும் இழப்பு 10 கொட்டைதான். அது அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கத்தில் மறைந்துபோகக்கூடும். சில நாட்களில் உங்கள் பக்கமே கொட்டை குவியவும் கூடும்.

இறுதியாக ஒன்று. சமநிலை ஆட்டம் உங்களை யாரும் சுரண்டாமல் காக்கும், அவ்வளவே. எதிராளியும் அதை அறிந்திருந்தால் இருவருக்கும் அதில் லாபம் இல்லை. ஒருவர் பெறுவது மற்றவர் இழந்தது. அதிலும் ஆட்டம் நடத்துபவர் ஒவ்வொரு முறையும் நடுவிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொண்டால், ஆடுபவர் அனைவரையும் சேர்த்துப் பார்க்கையில் கணக்கு நஷ்டத்திலேயே முடியும். பதினெட்டு ஆட்டத்துக்கு ஒரு கொட்டை என்ற மெல்லிய வேறுபாட்டுக்காக இத்தனை கணக்குப் போட்டோமே, அந்த வேறுபாட்டைச் சிறு தரகு ஒன்றே விழுங்கிவிடும். அந்தக் கணக்கை அறிந்தவர் தம் சம்பளத்தை மேசைமேல் வைக்க மாட்டார். ஆட்டம் முடிந்ததும் புளியங்கொட்டைகளை எண்ணி டப்பாவில் போட்டு வையுங்கள். நாளை பல்லாங்குழிக்கு ஆகும்.